உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை

"ஜோதிடம் அறிவியல்தான் என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் சொல்லிவிட்டது, அதனால் ஜாதகத்தில் ஆறாம் பாவத்தை, அதாவது ஆறாம் வீட்டைப் பார்த்து வழக்கு ஜெயிக்குமா தோற்குமா என்று சொன்னால் நம்பலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வழக்கு வேறு சங்கதி. பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் பாடம் தொடங்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2001-இல் எடுத்த முடிவை எதிர்த்து விஞ்ஞானி பார்கவா போட்ட வழக்கு அது. எந்தப் பாடம் நடத்துவது என்பது கல்விக் கொள்கை, நாங்கள் தலையிட மாட்டோம் என்ற போக்கில்தான் தள்ளுபடி செய்தார்கள். ஜோதிடர் சொல்வது பலிக்குமா என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆறாம் இடம் ருண ரோக சத்ரு ஸ்தானம், அதாவது கடன், நோய், எதிரி ஆகியவற்றுக்கான இடம், வழக்கையும் அதில்தான் பார்ப்பார்கள், அது சரி. ஆனால் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஆளுக்கொரு ஜோதிடர் இருக்கிறாரே, இருவரிடமும் "ஜெயம் உங்களுக்குத்தான்" என்று சொன்னால் நீதிபதி என்னதான் செய்வார்?

சோதனை என்று பார்த்தால் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் புனேயில் நடத்தியது உண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகை ஜாதகங்களைக் கலந்து 27 ஜோதிடர்களிடம் ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சராசரியாக 46 சதவீதம்தான் சரி, காசைச் சுண்டினாலே பாதி தேறியிருக்கும்.

அப்புறம் ஒன்று, சிவில் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். சனிப்பெயர்ச்சி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் காலாவதியாகிவிடும், பிறகு தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக மனுப் போட வேண்டும், அதில் தசாபுத்தி சரியில்லை என்று எழுத முடியாது.