சீனியர் ஆபீஸில் சேரப் போகிறவர்களுக்கும், சேர்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும்

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. "வணக்கம் மேடம். லா காலேஜ் பைனல் இயர் முடிச்சிட்டேன். அடுத்த மாசம் என்ரோல்மென்ட். எங்க குடும்பத்துல வக்கீல் யாரும் இல்ல. சீனியர்கிட்ட எப்படிப் போய்க் கேக்கணும், என்ன எழுதி அனுப்பணும்னு தெரியல. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா தப்பா நினைப்பாங்களா?"

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. 14 வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமலே நான் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011இல் நான் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து என்ரோல் ஆனபோது, எங்கள் தெருவில் கோர்ட்டுக்குப் போனவர்கள் என்றால் அது கேஸ் இருந்தவர்கள்தான். அப்பாவுக்குத் தெரிந்த ரேஷன் கடைக்காரரின் மச்சான் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. அந்தச் சிபாரிசில் போனேன். சீனியர் இரண்டே கேள்வி கேட்டார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார். "நாளைக்கு வந்துரும்மா" என்றார். சம்பளம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதல் எட்டு மாதம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. தீபாவளிக்கு ஒரு சேலையும் ஆயிரம் ரூபாயும் கிடைத்தது. அந்த எட்டு மாதமும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அம்மாதான் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. தொழிலை அவரிடம்தான் கற்றேன். குறை சொல்லி கோர்ட் ரிட்டர்ன் செய்த மனுவை எப்படிச் சரி செய்து திரும்பப் போடுவது, சம்மன் அனுப்பப் படிக்காசு எப்போது கட்டுவது, குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவருடைய சீனியர் அவரை எப்படி வைத்திருந்தாரோ, அப்படியே அவர் என்னை வைத்திருந்தார். ஆனால் என்னோடு சேர்ந்த இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஒருத்தி என்னைவிட நன்றாக டிராஃப்ட் செய்வாள். அவளுக்குக் கோர்ட் பிடிக்காமல் இல்லை. வீட்டில் தம்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் பயிற்சி என்ற ஏற்பாடே ஒழுங்காக இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. சி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு ஆர்டிகிள்ஷிப் காலத்தில் குறைந்தது இவ்வளவு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை இருக்கிறது. இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்கே ஒரு வகை வழக்கறிஞர்) ஆக வேண்டுமானால் 2 வருடப் பணி அனுபவம் வேண்டும். அங்கே பெரிய நிறுவனங்கள் அதற்கு விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் வைத்து, சம்பளத்தைச் சொல்லி, 2 வருடம் முன்னாலேயே ஆள் எடுத்து வைக்கின்றன. நம் ஊரிலும் ஒரு காலத்தில் என்ரோல்மென்டுக்கு முன்னால் பயிற்சி கட்டாயமாக இருந்தது. 1973இல் வந்த திருத்தம் வழக்கறிஞர்கள் சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 1995இல் ஒரு வருடப் பயிற்சியை விதி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. சட்டத்தில் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அதற்கப்புறம் என்ன? படிக்கும்போது ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம், மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப். அப்புறம் வழக்கறிஞர் தொழில் செய்யத் தகுதி பார்க்கும் ஏ.ஐ.பி.இ. தேர்வு. மற்றதெல்லாம் எந்த சீனியர் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

2024 இந்த விஷயத்தில் நல்ல வருடம். ஜூலை 30ஆம் தேதி, என்ரோல்மென்டுக்குச் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் என்ரோல் ஆனபோது அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இனி எந்த அம்மாவும் அதற்காக அடகுக் கடைக்குப் போக வேண்டாம்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு இன்னொன்று சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000. காசு கொடுக்காமல் வேலை வாங்குவது சுரண்டல் என்றே நீதிபதிகள் சொன்னார்கள். அக்டோபரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. நான் போகிற கோர்ட்டுகளில் இந்தத் தொகையை வாங்குகிற ஜூனியர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை இப்போது நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025 மே 20ஆம் தேதித் தீர்ப்பு நிலைமையை மாற்றிவிட்டது. சிவில் ஜட்ஜ் தேர்வு எழுத 3 வருடம் பிராக்டிஸ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் திரும்பக் கொண்டுவந்தது. அந்த அனுபவத்துக்கு 10 வருடம் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர் சான்று தர வேண்டும், நீதித்துறை அதிகாரி அதில் மேலொப்பம் போட வேண்டும். கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற காரணம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் சம்பளம் இல்லையென்றால் ஒரு பெண், "சரி, வீட்டிலிருந்து படித்து ஜட்ஜ் தேர்வு எழுதிக்கொள்கிறேன்" என்று ஆபீஸை விட்டுப் போக முடிந்தது. இனி முடியாது. 3 வருடம் அவள் பிராக்டிஸ் செய்தே ஆக வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு சீனியரிடம்தான். கடைசியில் கையெழுத்துக்கும் பெரும்பாலும் அவர் மேஜை முன்னால்தான் நிற்க வேண்டும். அந்த 3 வருடமும் சம்பளம் இல்லையென்றால், வீட்டில் சோறு போட ஆள் இருக்கிற பிள்ளைகள்தான் நாளைக்கு நீதிபதி ஆவார்கள். கொத்தனார் மகளும் டீக்கடைக்காரர் மகனும் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். பெண் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். "சம்பாதிக்கவும் இல்ல, வயசும் ஏறுது" என்று மூன்று வருடமும் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அனுபவத்தைக் கட்டாயமாக்கினால் சம்பளத்தையும் கட்டாயமாக்க வேண்டும். பார் கவுன்சில் இதைப் பரிந்துரையாக விட்டுவைத்திருப்பது நியாயமே இல்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

போன வருடம் எங்கள் ஆபீஸுக்கு ஒரு ஜூனியர் வேண்டும் என்று இங்கேதான் பதிவு போட்டேன். சம்பளம், நேரம் எல்லாம் அதிலேயே எழுதினேன். 41 பேர் அனுப்பினார்கள். முப்பதுக்கும் மேல் ஒரே கடிதம்தான். கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு உள்ளவர், சவாலான சூழலை விரும்புபவர். கூடவே மூட் கோர்ட் (கல்லூரியில் நடக்கும் மாதிரி வழக்காடும் போட்டி) பட்டியல், ஆன்லைன் சான்றிதழ் பத்துப் பன்னிரண்டு. ஏழெட்டுப் பேர் என் பெயரைப் பார்த்த பிறகும் "ரெஸ்பெக்டட் சார்" என்றே ஆரம்பித்திருந்தார்கள். இவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எப்படி எழுத வேண்டும் என்று எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு கடிதம் தமிழில், கையால் எழுதி ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. ஒன்றரைப் பக்கம். ஒரு சிறிய ஊர் முன்சீப் கோர்ட்டில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் இருந்த பெண். அந்த ஆபீஸில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு இரண்டு முறை ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. மூன்றாவது முறை வழக்குக் காகிதக் கட்டை இவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். "சொத்து விவரத்தில் சர்வே எண் 114/2 என்று இருந்தது மேடம். பட்டாவில் 114/2ஏ. இடையில் உட்பிரிவு ஆனதை யாரும் கவனிக்கவில்லை. நான் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய்க் கேட்டு வந்து குமாஸ்தா அண்ணனிடம் காட்டினேன். திருத்திப் போட்டோம், கோர்ட் ஏற்று நம்பர் ஆகிவிட்டது." கடைசியில் ஒரு வரி. "எனக்கு இங்கிலீஷ் டிராஃப்டிங் இன்னும் சரியாக வராது. ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வேன்."

அவளைத்தான் எடுத்தேன். அவள் எந்த மூட் கோர்ட்டிலும் பேசியதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததும் இவள் கட்டை முழுசாகப் படிக்கிறவள், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள் என்பது புரிந்துவிட்டது. ஒரு சீனியருக்கு முதல் வருட ஜூனியரிடம் வேறு என்ன வேண்டும்?

ஆகவே தம்பி தங்கைகளே, நீங்கள் பார்த்த ஒரு வழக்கை எழுதுங்கள். கட்சிக்காரர் பெயர் வேண்டாம், அடையாளம் தெரிகிற விவரமும் வேண்டாம். அதில் உங்கள் கை எங்கே பட்டது என்பதைச் சொல்லுங்கள். நகல் மனு போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதுவதற்கு முன்னால் அந்த சீனியர் என்ன வழக்கு நடத்துகிறார் என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய வழக்குகள் வந்துவிடும். அப்புறம் ஒரு நாள் அந்தக் கோர்ட்டில் பின் வரிசையில் போய் உட்காருங்கள். அவர் ஜூனியர்களிடம் கட்டை எப்படி வாங்குகிறார், தப்பு நடந்தால் எல்லார் முன்னாலும் கத்துகிறாரா, சின்ன வாய்தாவிலாவது அவர்களைப் பேச விடுகிறாரா என்று கவனியுங்கள். நேர்காணலில் அவர் உங்களைப் பார்க்கிறார். அதற்கு முன்னால் நீங்கள் அவரைப் பார்த்துவிட வேண்டும். குமாஸ்தாவிடம் ஒரு டீ நேரம் பேசினால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஏ.ஐ.பி.இ. முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 3 வருடக் கணக்கு தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்தே ஓடும் என்று சிவில் ஜட்ஜ் தேர்வு பற்றிய அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று முதல் மாதமே கேளுங்கள்.

நேரத்தையும் கேளுங்கள். கோர்ட் முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பல ஆபீஸ்களில் வேலையே சூடு பிடிக்கும். ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். கடைசி பஸ் எப்போது, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்காமல் போய், கோர்ட்டுக்குத் திரும்பும் வரை தண்ணீர் குடிக்காமலே இருந்த நாட்கள் உண்டு.

சென்னையில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்களின் வழி வேறு. அங்கே இன்டர்ன்ஷிப்தான் வாசல். மூன்றாம் வருடத்திலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அரசு சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை, கடைசி வருடத்தில் தெரிய வரும்போது காலம் கடந்துவிடுகிறது. குற்றவியலில் ஆர்வம் உள்ளவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கே சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில் உதவி வழக்கறிஞர் பணிக்கு 3 வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் உள்ளவர்களே போகலாம், மாதச் சம்பளம் உண்டு.

இனி என் வயது வழக்கறிஞர்களுக்கும் பெரியவர்களுக்கும். நமக்கும் மாதா மாதம் நிலையான வருமானம் இல்லை, கட்சிக்காரர் ஃபீஸைப் பாதியில் நிறுத்திவிடுகிறார், எல்லாம் எனக்கும் தெரியும். நானே போன வருடம் 15,000தான் கொடுத்தேன். மதுரைக்குச் சொன்னது 20,000. இந்த ஏப்ரலிலிருந்து அதைத் தருகிறேன், அதற்காக ஆபீஸை வாடகை குறைவான மாடிக்கு மாற்றினேன். உங்களால் பத்துதான் முடியுமென்றால் பத்து என்று முதல் நாளே சொல்லுங்கள். "பார்த்துச் செய்யலாம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் மாதக்கணக்கில் கடன் வாங்குகிறது. ஆள் தேவையென்றால் சிபாரிசுக்குக் காத்திருக்காமல் பார் அசோசியேஷன் பலகையில் சம்பளத்தோடு ஒரு தாள் ஒட்டுங்கள்.

அந்த வாட்ஸ்அப் தங்கச்சிக்கு அன்றே பதில் போட்டேன். நேற்று ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினாள். குடும்ப நீதிமன்றத்தில் ஒரு ஜீவனாம்ச வழக்கை ஆறு வாய்தா பின்தொடர்ந்ததை எழுதியிருக்கிறாள், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. முதல் வரைவில் "மாத உதவித்தொகை எவ்வளவு என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. இரண்டாவது வரைவில் அது இல்லை. ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "பயமா இருந்துச்சு மேடம்" என்றாள். திரும்பச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை நான்கு ஆபீஸுக்கு அனுப்புகிறாள்.