சீனாவில் 4-க்குத் தடையா?

"சீனாவில் 4 என்ற எண்ணுக்கு அரசே தடை போட்டுவிட்டது, நாடு முழுக்க எங்குமே 4 கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அச்சம் இருப்பது உண்மைதான். சீன மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி, தொனிதான் வேறு. நாலு என்னும்போது குரல் சட்டென்று இறங்கும்; சாவு என்னும்போது தாழ்ந்து, பிறகு லேசாக ஏறும். அதனால் பல கட்டடங்களில், குறிப்பாக ஹாங்காங்கில், லிஃப்ட் பொத்தான்களில் 4 இருக்காது. அது மக்களின் நம்பிக்கை, சட்டமல்ல.

பெய்ஜிங் மெட்ரோ வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: 4-ஆம் தடம் 2009 முதல் ஓடுகிறது. சிச்சுவான் மாகாணத்தின் பெயரிலேயே நாலு இருக்கிறது. ஒரு சமூகத்தின் நம்பிக்கையை இப்படித் திரிப்பது வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து இதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.