கிணற்றைக் காக்கும் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தின் குடிநீரைப் பற்றிப் பேச்செடுத்தால், கடந்த பதினைந்து ஆண்டுகளாக நம் காதில் விழுபவை இரண்டு பெயர்கள்தான்: முதலில் இரணைமடு, பிறகு தாளையடி. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதியளிக்க இசைந்த யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணத்தோடு தொடங்கி, கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பால் திசை மாறி, 2024 ஓகஸ்டில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமாகத் தாளையடியில் வந்து நின்றது. அந்த நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடையில் பவுசரை எதிர்பார்த்து வாளியோடு நிற்கும் கிராமங்களுக்கு அது அவசியமானது. ஆனால் குழாய்க்கு இவ்வளவு பொதுப்பணம் வந்த அதே காலத்தில், ஏராளமான வீடுகள் இன்றும் குடிக்கின்ற கிணற்று நீரைக் காப்பதற்கென்று ஊர் மட்டத்தில் என்ன ஒதுக்கப்பட்டது என்று கேட்டால், பொதுக் கிணற்றை இறைத்தல், கட்டைத் திருத்துதல், குளோரின் இடுதல் என்பவற்றுக்கு மேல் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழையின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. அந்த நன்னீர், தன்னைவிடக் கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. மேலேயுள்ள அந்த ஓரடியைப் பம்பி வைத்து இறைத்துத் தீர்த்தால் காலப்போக்கில் உவர் எவ்வளவு மேலே ஏறும் என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடுகிறது. இன்னொன்று, சுண்ணாம்புக்கல் மணலைப் போல வடிகட்டாது. வெடிப்புக்குள் இறங்கிய கழிவு அதிகம் மாறாமலே அடுத்த காணிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணறு யாருடைய உறுதியில் எழுதப்பட்டிருந்தாலும் அதில் ஊறும் நீர் ஊருக்குப் பொதுவானது என்பதை மறந்துவிட்டு நிதி ஒதுக்குவதுதான் முதற் பிழை.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் செய்கிறோம். பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியாவும், வீட்டுக்கு வீடு வெட்டப்பட்ட மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் நைத்திரேற்றாக மாறி, மழை தொடங்கியதும் தரைக்கீழ் நீருக்குள் இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகளைப் பல தசாப்தங்களாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்துவருகிறார்கள். போத்தற் பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இந்த நைத்திரேற்று குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றே கூடும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. ஆகவே கிணற்றுக்குள் செய்யும் எந்த வேலையாலும் இந்த நஞ்சைத் தடுக்க முடியாது. கிணற்றுக்கு வெளியே, தோட்டத்திலும் வளவுக் கோடியிலும் செய்யும் வேலையால்தான் முடியும்.

சுண்ணாகத்தில் நடந்தது நமக்குப் போதுமான பாடமாக இருந்திருக்க வேண்டும். மின்நிலையச் சூழலிலிருந்து கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2015இன் தொடக்கத்தில் வீதிப் போராட்டமாக மாறியது. ஒரு நிபுணர் குழு ஒன்றைச் சொல்ல, வேறு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்ல, குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு பணித்தது. மாசுபடுத்தியவரே பணம் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பணம் நீர் கெட்டபின் வந்த பணம். வலிகாமத்தில் ஊருக்குப் பத்துக் கிணறுகளையாவது தெரிந்தெடுத்து ஆண்டுதோறும் சோதித்துப் பதிவேடு வைத்திருந்தால், மாசு எங்கே தொடங்கி எந்தத் திசையில் பரவியது என்ற விவாதம் அவ்வளவு நீண்டிருக்காது.

வீட்டுக் கிணற்று நீரைக் காக்கப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்று அலுவலகங்களில் சொன்னவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தனியார் காணிக்குள் பொதுப்பணத்தைச் செலவழிக்க முடியாது, கணக்காய்வில் கேள்வி வரும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வீதம் கொடுத்து வீடு கட்டியது தனியார் காணியில்தான். மலசலகூட மானியம் போனதும் தனியார் காணிக்குத்தான். கசியும் குழியை வெட்ட மானியம் கொடுக்க வழி இருந்ததென்றால், அதைக் கசியாத தொட்டியாக மாற்றவும் வழி இருந்தே ஆக வேண்டும். (அந்தத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் பவுசர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே சேர வேண்டிய செலவு, அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.)

விவசாயி விடயத்தில் எனக்கு மியூனிக் நகரம் நினைவுக்கு வருகிறது. அந்நகருக்கு நீர் தரும் மங்ஃபால் பள்ளத்தாக்கில் நைத்திரேற்று கூடத் தொடங்கியபோது, நகர நீர்வழங்கல் நிறுவனம் 1992 முதல் அங்குள்ள விவசாயிகளுக்கு நிலப்பரப்பைக் கணக்கிட்டு உதவித்தொகை கொடுத்து, இயற்கை விவசாயத்துக்கு மாறுவோரை ஆதரித்தது. பிறகு சுத்திகரிப்பதைவிட முதலிலேயே கெடாமல் பார்ப்பது மலிவு என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் நாட்டில் 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, சில மாதங்களில் பின்வாங்கி, இடையில் விவசாயியை நட்டாற்றில் விட்ட அனுபவத்துக்குப் பிறகு, இந்த வேறுபாட்டை நாம் ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும். உரத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் அதனால் குறையும் விளைச்சலுக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் நடுகிறவர் ஊருக்கு நல்ல தண்ணீர் தருவதற்காகத் தன் வருமானத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டுமென்றால், அந்த இழப்பை ஊர் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம்.

பணம் எவ்வளவு என்பதைப் போலவே அது எப்போது வருகிறது என்பதும் முக்கியம். குளத்தைத் தூர்வாரி மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டுமானால் வேலை ஆடி, ஆவணியில் நடக்க வேண்டும். வரவு செலவுத் திட்டமோ தை முதல் மார்கழி வரையானது; மதிப்பீடு, கேள்விப்பத்திரம், அனுமதி என்று கடிதங்கள் சுற்றி முடிந்து ஒப்பந்தகாரர் இயந்திரத்தை இறக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துவிடுகிறது. மார்கழி 31க்குள் செலவழிக்காத பணம் திரும்பிவிடும் என்ற பயத்தில் சேற்றுக்குள் நடக்கும் வேலையின் தரத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. எனவே நான் கேட்பது, ஒவ்வொரு பிரதேச சபையிலும் ஆண்டு முடிந்தாலும் கலைந்துபோகாத, குறைந்தது ஐந்தாண்டுக்கு உறுதி செய்யப்பட்ட தனி நிதி. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஓர் உறுப்பினர் விரும்பி ஒதுக்கும் தொகையாக இது இருக்கக் கூடாது; அப்படியானால் அது வீதி விளக்குக்கும் விளையாட்டுக் கழகச் சீருடைக்கும் போய்விடும்.

முதலாண்டுச் செலவு பெரிதாக வேண்டியதில்லை. வெளிநாடு போனவர்களின் வளவுகளில் பாழடைந்து, குப்பை கொட்டும் குழிகளாகிப்போன கிணறுகள் ஊருக்கு ஊர் உண்டு. அவை அழுக்கை நேரே தரைக்கீழ் நீருக்குள் இறக்கும் திறந்த வாய்கள். அவற்றைத் துப்புரவாக்கி மூடிவிட, உரிமையாளரின் சம்மதமும் சில நாட் கூலியும் போதும். அடுத்து, கர்ப்பிணித் தாய்மாரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளின் கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் இலவசமாகச் சோதிக்க வேண்டும். அந்த வீடுகளின் பட்டியல் குடும்பநல உத்தியோகத்தர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இதற்கான பணத்தில் ஒரு பங்கைக் குழாய்நீர்க் கட்டணத்தின் மேல் வைக்கும் சிறு அறவீட்டிலிருந்தும், இன்னொரு பங்கை ஆழ்துளைக் கிணறு வைத்து நீர் விற்கும் வியாபாரத்தின் உரிமக் கட்டணத்திலிருந்தும் எடுக்கலாம். சபைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைத் தயாரிப்பது ஐப்பசி, கார்த்திகையில். அதற்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரிடம் இந்தத் தலைப்பில் தனியான ஒரு வரி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.