விமானிகளின் மருத்துவப் பரிசோதனையை இறுக்கினால் மறைப்பதும் கூடும்
வருடாந்தப் பரிசோதனையில் மனநலக் கேள்விகளைக் கூட்டினால் ஆபத்தான விமானிகளை விமான நிறுவனமே பிடித்துவிடலாம் என்று விமானிகளின் மனநலம் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. தொழில்முறை விமானிக்கு வேண்டிய முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் பொதுவாக 12 மாதத்துக்கு ஒருமுறை, பயணிகள் விமானம் ஓட்டுபவர் 60 வயது தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கண், காது, இதயத்தைக் கருவி காட்டும். மனச்சோர்வை விமானிதான் சொல்லவேண்டும். சொன்னால் பறப்பை நிறுத்துவார்கள், வருமானம் போகும், பிறகு யார் வாய் திறப்பார்? 2015 மார்ச் 24இல் ஜெர்மனியின் ஜெர்மன்விங்ஸ் நிறுவன விமானத்தை மலையில் மோதி, தன்னோடு சேர்த்து 150 பேரைச் சாகடித்த துணை விமானியிடம் செல்லுபடியான சான்றிதழ் இருந்தது. வேலைக்குப் போகவேண்டாம் என்று வெளி வைத்தியர் கொடுத்த கடிதம் நிறுவனத்தின் கைக்குப் போகவே இல்லை. இதன் பிறகுதான் ஐரோப்பாவில் பணிக்கு முன்னான உளவியல் மதிப்பீடும், சக விமானியிடம் இரகசியமாகப் பேசும் ஆதரவுத் திட்டமும் 2021இல் கட்டாயமாயின. என் பார்வையில் பின்னதுதான் வேலை செய்யும். கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர், மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவரை விமானம் ஓட்டவே விடக்கூடாது என்கிறார். அமெரிக்கா 2010 முதலே, குறிப்பிட்ட சில மனச்சோர்வுக் குளிசைகளோடு, நிலை சீரானபின் பறக்க விடுகிறது. சீனன்குடாப் பக்கம் விமானம் பார்த்தே வளர்ந்து விமானியாக விரும்பும் நம் திருகோணமலைப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று: மருத்துவப் படிவத்தில் பழைய சிகிச்சையை மறைக்கச் சொல்லாதீர்கள், பின்னால் பிடிபட்டால் சான்றிதழே இரத்தாகலாம்.