அறுக்க வேண்டாம் கண்ணு

போன ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான். தோப்புக் கொட்டகையில் நிற்கும் அப்பாவின் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தவன், "மாமா, முன்னாடி மட்காடை அறுத்துட்டு மாருதி இன்ஜின் ஏத்திரலாம், ஹாட் ராட் ஆயிரும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆசையாகக் கேட்கிற பையன். அன்றைக்குப் பாதியில் விட்ட பதிலை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

பழைய காரை வெட்டிக் குறைத்து, பெரிய இன்ஜின் ஏற்றி வேகமாக ஓட விடுவதுதான் ஹாட் ராட். அதன் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. போர்டு மாடல் டி மட்டும் ஒன்றரைக் கோடி வண்டி செய்தார்கள். 1932-இல் அதே கம்பெனி சாதாரண ஜனம் வாங்குகிற விலைக்கு எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் கொண்டு வந்தது. காசில்லாத அமெரிக்கப் பையன்கள் பழசைச் சல்லிசாக வாங்கி, எடை குறைய மட்காடைக் கழற்றிப் போட்டு, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். வண்டி கொட்டிக் கிடந்த ஊரின் விளையாட்டு அது. நம்ம ஹெரால்டு 1961-இல் தொடங்கி வண்டலூரில் பத்து வருஷ வாக்கில்தான் செய்தார்கள். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய் வருகிற வழியில் இன்னொரு ஹெரால்டை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

அதுவும் அவன் அறுக்கச் சொல்கிற இடம்! ஹெரால்டில் பானெட்டும் இரண்டு மட்காடும் ஒரே துண்டு. முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் இன்ஜின், சக்கரம் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்து, போஸ்ட் கார்டு ஓரத்தைப் பாயிண்டுக்கு (இன்ஜினுக்குத் தீப்பொறி வர திறந்து மூடுகிற முனைகள்) நடுவில் விட்டு இடைவெளி பார்ப்பார். அந்த வண்டியின் அழகே அந்தத் துண்டுதான்.

அறுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்திலேயே பார்த்தாச்சு. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடலாம் என்று சித்தப்பா மகன் ஒரு பட்டறையில் அம்பாசிடரின் கூரையை எடுத்தார். அம்பாசிடருக்கு அடியில் தாங்குகிற தனி சேஸ் இல்லை, பாடியேதான் அதன் எலும்புக்கூடு. கூரை போனதும் நடுவில் தொய்ந்தது. கதவு ஒன்று சாத்தவே வரவில்லை, இன்னொன்று பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்தது. கடைசியில் எடைக்குப் போட்டார். சின்ன வயசில் நாங்கள் பழனிக்குப் போன வண்டி அது.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரள வழக்கில்தான். 2021-இல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டி மூல வடிவில் இருந்தால் விண்டேஜ் பதிவு, வி.ஏ. என்ற எழுத்து போட்ட தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். அறுத்த வண்டிக்கு அது கிடையாது.

அதற்காகத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேட்டரியை ஏற்றுகிற பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடு, சீட் பெல்ட் போடு. ஸ்பேனரில் கழற்றிப் பழையபடி மாட்ட முடிகிற எதுவானாலும் சம்மதம். கழற்றினதைப் பெட்டியில் பத்திரமாக வை. பளபளவென்று பொம்மை மாதிரி ஆக்குவதும் எனக்குப் பிடிக்காது. அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங் அப்படியே இருக்கட்டும்.

சாயங்காலம் அவன் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்து பாடி முழுக்க வைத்துப் பார்க்கச் சொன்னேன். இடது கதவின் அடியில் வழுக்கி விழுந்தது. "மாமா, இங்க ஒட்டலைங்க." சுரண்டினால் ஒரு விரல் கனத்துக்கு ஓட்டை அடைக்கப் பூசின பட்டி, அதற்குள்ளே துரு. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். வருகிற ஞாயிறு தகடு வேலை செய்கிற டிங்கர் வருகிறார். அவன் சனிக்கிழமையே வந்துவிடுகிறானாம்.