அண்ணே, அவருக்கு என்ன சாட்சி?

கிறிஸ்தவ வாலிபர் கூட்டங்களுக்குச் செய்தியாளர், அதாவது பிரசங்கம் பண்ணுகிறவர், தேடுகிற குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். யார் பெயரைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “அவருக்கு என்ன சாட்சி?” சபைப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன், இது கோர்ட் சாட்சி இல்லை. கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்வது. ஆனால் எங்கள் குழுவில் அந்தக் கேள்விக்குப் பொருளே வேறு. போதையா, ஜெயிலா, தற்கொலை முயற்சியா, எதிலிருந்து வெளியே வந்தார்? ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

நானும் அப்படிப் பல பெயர்களை அடித்தவன்தான். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இந்த மாதிரிச் செய்திகளின் அச்சு எல்லோருக்கும் தெரியும். முதல் இருபது நிமிடம் முழு இருட்டு. பழைய வாழ்க்கை எவ்வளவு மோசம் என்று விலாவாரியாக, சில சமயம் கேட்கிற பசங்களுக்கு யோசனை சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு. அப்புறம் ஒரு ராத்திரி, ஒரு ஜெபம். அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சம். கீபோர்டு மெதுவாக ஆரம்பிக்கும், கண்ணை மூடச் சொல்வார்கள், வாழ்க்கையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்தச் சொல்வார்கள், ஓரத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். பதினாறு வயதில் ஒரே முகாமில் மூன்று ராத்திரியும் நான் கை உயர்த்தினேன். அறிக்கையில் மூன்று பேராகப் போயிருப்பேன்.

சபையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் முடிந்த பிறகு ஒரு பெண் என்னிடம் வந்து, “எனக்குச் சொல்ல சாட்சியே இல்லையே அண்ணா, நான் எதுவும் பண்ணலையே” என்றாள். முதலில் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பிறகு வரவில்லை. பைபிளில் அப்போஸ்தலர் பவுலோடு ஊழியம் செய்த வாலிபர் தீமோத்தேயுவுக்கு மட்டும் என்ன சாட்சி இருந்தது? பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்கிறார் பவுல். அவ்வளவுதான் கதை. எங்கள் குழுவிடம் வந்திருந்தால் தீமோத்தேயு தேறியிருக்க மாட்டார்.

சரி, பெரிய சாட்சி உள்ளவர்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. நிக் வுஜிசிக் என்ற கிறிஸ்தவப் பேச்சாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் மெல்பர்னில் கையும் காலும் இல்லாமல் பிறந்தவர். பத்து வயதில் குளியல் தொட்டியில் மூழ்கிச் சாகப் பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சிக்காகத்தான் அவரைப் பலரும் பகிர்கிறார்கள். என்னைப் பிடித்தது வேறொன்று. எந்த நாளாவது அற்புதம் நடந்தால் போட்டுக்கொள்ள அலமாரியில் ஒரு ஜோடி ஷூ வைத்திருப்பதாகச் சொல்கிறார். கால் முளைக்கவில்லை. ஷூ இன்னும் புதுசு. அப்படி ஒருவர் கடவுள் நல்லவர் என்று சொல்லும்போது, ஜெபம் பண்ணியும் அப்பாவின் குடி நிற்காத பையனுக்கு அது காதில் விழும்.

ஜோனி எரிக்சன் டாடாவும் அப்படித்தான். 1967 ஜூலையில், 17 வயதில், அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்தெலும்பு முறிந்து, தோளுக்குக் கீழே செயலிழந்தது. வாயில் தூரிகையைப் பிடித்துப் படம் வரையக் கற்றுக்கொண்டார். 1979இல் ஊனமுற்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெரிய சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய், போன சக்கர நாற்காலியிலேயே திரும்பி வந்ததை அவர் மறைப்பதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் வலி இருக்கிறது என்கிறார். எங்கள் அச்சில் இந்தக் கதையை ஊற்றவே முடியாது. “அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சம்” என்ற பகுதி இதில் இல்லை.

எல்லாம் முடிந்துபோன கதையைச் சொல்கிறவருக்கு ஓர் ஆபத்து உண்டு. “இப்போது விழுந்து கிடக்கிறேன்” என்று சொல்ல அவருக்கு இடமே இருக்காது. ரவி சகரியாஸ் என்ற கிறிஸ்தவப் பேச்சாளரைப் பல்கலைக்கழக மாணவர்கள் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார்கள். நானும் கேட்டவன். 2020இல் இறந்தார். அடுத்த வருடம் பிப்ரவரியில் அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை வந்தது. பெண்களிடம் அவர் தவறாக நடந்தது அதில் உறுதியானது. அவர் பேச்சைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்த ஒரு தம்பிக்கு அந்த வாரம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களை முதலில் நினை என்று மட்டும் சொன்னேன்.

அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் இந்த விஷயத்தில் முன்னெச்சரிக்கையாக இருந்தார். வாலிபர் ஊழியத்தில் முழுநேரப் பேச்சாளராக ஆரம்பித்தவர் அவர். 1948இல், கிட்டத்தட்ட 30 வயதில், கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, ஊழியர்கள் எதில் விழுகிறார்கள் என்று பட்டியல் போட்டார். பணம், பெண் விஷயம், உள்ளூர்ச் சபைகளைத் தாக்கிப் பேசுவது. இதெல்லாம் எதிர்பார்க்கக் கூடியதுதான். நான்காவதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது: வந்த கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது. என் மூன்று கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

பேச்சு நீளம் பற்றித் தனியாக எழுத வேண்டாம். பவுல் பேசும்போதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான். நாங்கள் அழைக்கிற யாரும் பவுல் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த வாலிபர் செய்தியாளருக்குப் பெயரே கிடையாது. 1850 ஜனவரியில் ஒரு ஞாயிறு, இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கடும் பனி. வரவேண்டிய போதகர் ஒரு சின்ன மெதடிஸ்ட் ஆலயத்துக்கு வந்து சேரவில்லை. உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். ஒல்லியான ஒருவர், செருப்புத் தைப்பவரோ தையல்காரரோ, எழுந்து பிரசங்கம் பண்ணினார். அதிகம் சொல்லத் தெரியாததால் ஒரே வசனத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த 15 வயதுப் பையனைப் பார்த்து, ரொம்ப வாடிப்போய் இருக்கிறாயே என்று நேராகவே கேட்டார். அந்தப் பையன்தான் பின்னால் பேர்பெற்ற பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன். நாலே வருடத்தில் லண்டனில் போதகர் ஆனார். பேசியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அவர் சாட்சி என்னவென்றும் தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் ஞாயிறு பள்ளி அக்கா ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். 22 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று அவருக்குத் தெரியும். அவர் கணவருடைய நோய் இன்னும் குணமாகவில்லை. குழுவில் இருக்கிற தம்பி, “நல்லா பேசுவாங்களா?” என்றான். சுமாராகத்தான் பேசுவார் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அப்போ போஸ்டர்ல என்ன அண்ணே போடுறது?” என்று கேட்டான். பெயரும் நேரமும் போடு என்றேன்.

டிசைன் இன்னும் வரவில்லை.