வெள்ளைத் தாளில் என்ன கிடக்கிறது?

ஒன்றுமே கீறாதது போலத் தெரிகிற ஓவியத்தைக் காட்டினால் நம்முடைய ஆட்கள் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். "இதை என்ர பிள்ளையும் செய்யும்" என்பது ஒன்று. "வெறுமையில் நீங்கள் விரும்பியதைக் காணலாம்" என்பது மற்றது. முதலாவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதைக் கேட்டால்தான் எரிச்சல் வரும்.

வங்கச் சிற்பியும் அச்சோவியருமான சோமநாத் ஹோர் 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்த மனிதரைப் பார்த்துப் பார்த்துக் கீறியவர். எழுபதுகளில் 'காயங்கள்' என்று ஒரு வரிசை செய்தார். மெழுகிலோ களிமண்ணிலோ கத்தியால் கிழித்து, சூட்டுக்கோலால் சுட்டு, அதிலிருந்து சீமெந்து அச்செடுத்து, அதன்மேல் காகிதக் கூழைப் பரப்பி எடுத்த தாள்கள். வெள்ளைமேல் வெள்ளை. சிலவற்றில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. கீறல் விழுந்த மரம், லொறி டயர் கிழித்த வீதி, கத்திக்குத்து வாங்கிய மனிதன் என எங்கும் காயத்தையே கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இதில் நான் விரும்பியதை எப்படிக் காண்பது? வெட்டு வெட்டுத்தான். அதைப் பூவென்று சொல்ல முடியாது.

வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். போரில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) பட்ட பனைகளைப் பாருங்கள். வேம்பும் பாலையும் காயத்தைச் சுற்றிப் பட்டை வளர்த்து மெல்ல மூடிவிடும். பனைக்கு அந்த வளர்ச்சி இல்லை, பட்ட ஓட்டை பட்டபடியே நிற்கும். ஹோரின் தாளும் பனைச் சாதிதான்.

வகுப்பில் ஹோரின் தாளொன்றின் அச்சுப்படத்தைக் காட்டினேன். "சேர், இதில ஒண்டுமில்லையே" என்றார்கள். சரி, சீஆர் கொப்பியில் ஒரு தாளில் அழுத்தி எழுதிக் கிழித்துவிட்டு, அடுத்த தாளை யன்னல் பக்கம் சரித்துப் பாருங்கள் என்றேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து எழும்பி வந்தது. பிறகு அரைமணி நேரம் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதுதான் பாடம். அதிபர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அமெரிக்க ஓவியர் றொபேட் றௌஷன்பேர்க் 1953இல் மூத்த ஓவியர் டி கூனிங்கிடம் ஒரு சித்திரத்தைக் கேட்டு வாங்கி, அதை அழித்தே ஒரு படைப்பாக்கினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சட்டத்துக்குள் கீழே இன்னொரு ஓவியரான ஜாஸ்பர் ஜோன்ஸ் எழுதிய பெயர் வரி இல்லாவிட்டால், அங்கே என்ன நடந்ததென்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஹோருக்கு அந்த உதவி வேண்டாம். அதனால் எனக்கு ஹோர்தான் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் தாய்மார் பிடித்திருந்த பிள்ளைகளின் படங்கள் பல வெயிலில் வெளிறிப்போயின. "இதுவும் ஒரு கலைதான்" என்று ஒருவர் உருகி எழுதியிருந்தார். இல்லை ஐயா! யாரும் நினைத்துச் செய்ததல்ல அது. அந்தத் தாய்க்கு வேண்டியது பிள்ளையின் முகம். ஸ்டூடியோவுக்குப் போய்த் திரும்பப் பிரிண்ட் போடத்தான் அவர் பார்ப்பார். வெளிறிய தாளையெல்லாம் கலையாக்கினால் ஹோர் கத்தியெடுத்ததற்கு என்ன மதிப்பு?

தில்லித் தேசிய நவீன கலைக்கூடத்தில் ஹோரின் படைப்புகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வெள்ளைத் தாள் ஏதும் கண்ணில் பட்டால், பக்கவாட்டில் நின்று பாருங்கள். போனில் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம், நேரே ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் விழாது.